விளம்பரம் வராத வீடு

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் எங்கள் வீட்டு ஹால் கணினி ஒருநாள் மாலை, "கங்ராஜுலேஷன்ஸ்! யூ ஹேவ் வன்!" என்று கூவியது. பெண் குரல். பின்னாலேயே கைதட்டல், விசில்.

நான் அடுத்த அறையில் அலுவலக கான்ஃபரன்ஸ் காலில் இருந்தேன். மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்கு டெஸ்டிங் வேலை. நாங்கள் சரிபார்த்து அனுப்பிய மென்பொருள் வாடிக்கையாளர் கைக்குப் போனதுமே ஏன் படுத்துவிட்டது என்று அன்றைக்கு விசாரணை நடந்துகொண்டிருந்தது. என் மேனேஜர் வருத்தம் தெரிவித்து முடித்து மூச்சு வாங்கிய இடைவெளியில்தான் அந்தக் கைதட்டல் என் மைக் வழியாகக் கடல் கடந்தது. மறுமுனையில் வாடிக்கையாளர் மிகவும் மரியாதையாக, "நாம் என்ன ஜெயித்தோம் என்று நானும் தெரிந்துகொள்ளலாமா?" என்று கேட்டார்.

ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஹாலுக்கு ஓடினேன். என் மாமனார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வலது கையால் மவுஸையும் இடது கையால் வலது மணிக்கட்டையும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அம்மிணி, எனக்கு என்னமோ பரிசு உழுந்திருக்குதாட்ட. இங்க அமுக்கோணுமாமா."

"அமுக்காதீங்க மாமா!"

"ஏன்? நாம்ப கேட்டா போனோம்? அவங்களா குடுக்கறாங்க."

அவர் பாதுகாப்புத் துறையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் ஹைதராபாத்துக்கு வந்தவர். பேச்சு மட்டும் அந்தப் பக்கத்துப் பேச்சாகவே இருந்தது. நடுநடுவே இந்த ஊர் உருதுவில் ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று தலையாட்டுவதைத் தவிர. மேசைக்கு வந்த எந்தத் தாளுக்கும் பதில் எழுதாமல் விடக்கூடாது என்பது அவருடைய அலுவலக தர்மம். கணினியில் தமிழ்ப் பேப்பர் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகும் அந்த தர்மத்தை விடவில்லை. 'உங்கள் எடை அதிகமாக உள்ளதா?' என்று ஒரு விளம்பரம் கேட்டால் 'இல்லை' என்பதை அழுத்துவார். 'வீட்டுக் கடன் வேண்டுமா?' என்றால் யோசித்துவிட்டு, 'பின்னர்' என்பதை அழுத்துவார். பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிடலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தேன். வாசலில் வந்து பேசிக்கொண்டிருக்கும் ஆளின் முகத்தில் கதவைச் சாத்துவது போலிருக்கிறது என்று மறுத்துவிட்டார்.

செய்தி எது, விளம்பரம் எது என்றும் அவர் பிரிப்பதில்லை. எல்லாம் பேப்பரில் வந்ததுதான். அந்த மாதங்களில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வலது ஓரத்தில் மஞ்சள் பட்டுச் சேலையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். வரன் தேடும் இணையதளம் ஒன்றின் விளம்பரம். மாமாவுக்கு அவள்மேல் ரொம்ப இரக்கம்.

"இந்தப் புள்ளையப் பாரு அம்மிணி. நேத்து அரசியல் பக்கத்துல நின்னுது. இன்னைக்கு கிரிக்கெட் பக்கத்துலயும் வந்து நிக்குது. மாப்பள அமையாம எப்படி அலையுது பாரு பாவம்."

"அது விளம்பரம் மாமா. அந்தப் பொண்ணு மாடல்."

"மாடலா இருந்தா என்ன? ஒரு வேலைக்குப் போற புள்ளதான? நம்ம சின்னவனுக்குக் கேட்டுப் பாக்கலாமல்ல?"

சின்னவன் என்றால் என் கொழுந்தனார். பெங்களூரில் வேலை. முப்பதைத் தாண்டியும் கல்யாணம் அமையவில்லை. ஓட்டல் சாப்பாட்டில் பையன் இளைத்துவிட்டான் என்று அத்தை அங்கே போய்ச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தினமும் காலையில் போன் பண்ணி மாமாவிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஏதாச்சும் ஜாதகம் வந்துதா?"

அந்தக் கைதட்டலுக்கு மறுநாளே முடிவு செய்துவிட்டேன். இந்த வீட்டுக்குள் விளம்பரம் வரக்கூடாது.

ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகத் தடுக்க வழி இருந்தது. ஆனால் மாமாவின் கணினியில் இருந்த பழைய பிரவுசர் அதற்கெல்லாம் இடம் கொடுக்காது, புதியதை மாற்றினால் அவருக்குப் பேப்பர் எங்கே என்று தெரியாது. என் கணவர் பேகம்பேட்டில் ஒரு பொதுத்துறை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். அவர் கொண்டுவரும் அலுவலக லேப்டாப்பில் சுவர்ப் படத்தைக்கூட மாற்ற முடியாது. ஆகவே வாசலிலேயே நிறுத்திவிடுவதுதான் சரி என்று பட்டது.

யோசனை எளிமையானது. கணினிக்கு இணையதளங்களைப் பெயர் சொல்லி அடையாளம் தெரியாது. எண்ணால் ஆன முகவரி வேண்டும். 'இன்ன பெயருக்கு என்ன முகவரி?' என்று ஒவ்வொரு தடவையும் ஒரு இடத்தில் விசாரிக்கும். அந்த விசாரணைக்கு டி.என்.எஸ். என்று பெயர். பேப்பரைத் திறந்தால், பேப்பரின் முகவரியோடு அதில் ஒண்டிக் குடியிருக்கும் விளம்பரக்காரர்களின் முகவரிகளையும் சேர்த்து விசாரிக்கும். பதில் சொல்லுகிற ஆள் நம் ஆளாக இருந்துவிட்டால் போதும். விளம்பரக்காரர் பெயர் வரும்போது மட்டும், 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று சொல்லிவிடுவான்.

குறுக்கே நின்றது இணையக் கம்பெனி கொடுத்த வெள்ளைப் பெட்டி. மோடம், ரவுட்டர், வைஃபை எல்லாம் அதற்குள்ளேயே. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே போனேன். டி.என்.எஸ். என்ற இடத்தில் கம்பெனியின் எண்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன. அழுத்தினால் அசையவில்லை. வாடகைக்குக் குடியிருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது என்பார்களே, அப்படி.

உதவி எண்ணுக்குப் போன் பண்ணினேன். பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். பெட்டி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, எனக்கு டி.என்.எஸ்.ஸை மாற்றவேண்டும் என்றேன். "மாற்றித் தருகிறோம் மேடம், பழைய பெட்டியைத் தயாராக வையுங்கள்" என்றார்கள். ஆள் வந்தார். நடுத்தர வயது, தோளில் பை, கையில் புதுப் பெட்டி. எனக்குப் பெட்டியை மாற்ற வேண்டாம், உள்ளே ஒரு எண்ணைத்தான் மாற்ற வேண்டும் என்று புரியவைக்க முயன்றேன்.

"கைக்கு மேடம்?" என்றார். எதற்கு என்று அர்த்தம்.

"விளம்பரம் வரக்கூடாது, அதுக்குத்தான்."

"ஆட்ஸ் ஃப்ரீ மே ஆரே நா மேடம்?" விளம்பரம் இலவசமாகத்தானே வருகிறது, அதற்கு உங்களுக்கு என்ன கஷ்டம் என்று உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

மாமா சோபாவிலிருந்து, "ஹவ் பாய், மைபி வோஹீச் பூச்சா" என்று அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். தானும் அதையேதான் கேட்டதாக.

"அந்தப் பூட்டைத் திறக்கற கம்பெனி கடவுச்சொல் உங்ககிட்ட இருக்கா?" என்றேன்.

"ஹமாரே பாஸ் நை மேடம். ஆபீஸ் மே ஹை. செட்டிங்ஸ் கோ ஹாத் நக்கோ லகாவ்." அது ஆபீஸில்தான் இருக்கிறது, பெட்டிக்குள் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, கர்ச்சீப்பால் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்து, புதுப் பெட்டியோடு திரும்பிப் போனார். மாமா அவரை வாசல்வரை போய் வழியனுப்பினார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மறுபடி உட்கார்ந்தேன். ஒவ்வொரு பக்கமாகத் தேடியதில், சாம்பல் பூசாத ஒரு சின்னக் கட்டம் கண்ணில் பட்டது. வீட்டில் எந்தக் கணினி விழித்தாலும் முதல் வேலையாக, 'எனக்கு என்ன எண், நான் யாரிடம் விசாரிக்க வேண்டும்?' என்று இந்தப் பெட்டியிடம்தான் கேட்கும். அந்தப் பதில் சொல்லும் பொறுப்பைப் பெட்டி வைத்துக்கொள்ளட்டுமா, வேண்டாமா என்று அந்தக் கட்டம் கேட்டது. கம்பெனிக்காரர்கள் இதைப் பூட்ட மறந்திருக்கிறார்கள். பொறுப்பை இதனிடமிருந்து பிடுங்கி வேறொரு கணினியிடம் கொடுத்துவிட்டால், அது சொல்லும் இடத்தில்தான் எல்லோரும் விசாரித்தாக வேண்டும். சந்தோஷத்தில் உடனே டிக்கை எடுத்துவிட்டேன்.

வீட்டில் எல்லாம் நின்றது. மாமாவின் பேப்பர் நின்றது. கணவரின் மெயில் நின்றது. பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டிய கணினி அப்போது பரண்மேல் இருந்தது. சரி, டிக்கைத் திரும்பப் போடலாம் என்றால், என் லேப்டாப்புக்கே இப்போது எண் இல்லாததால் பெட்டிக்குள் நுழைய முடியவில்லை. உள்ளே சாவியை வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு வெளியே நின்றேன்.

"உன் வேலை சாஃப்ட்வேர டெஸ்ட் பண்றதுதானே? வீட்ட ஏன் டெஸ்ட் பண்றே?" என்றார் கணவர்.

"அரை மணி நேரம் குடுங்க."

"நாளைக்குக் காலைல நான் ஒரு ஸ்டேட்மென்ட் அனுப்பணும்."

"அனுப்பிடலாம். முதல்ல பரண்ல இருந்து அந்தப் பழைய சி.பி.யூ.வை இறக்கிக் குடுங்க."

இறக்கிக் கொடுத்தார். என் லேப்டாப்புக்குக் கையாலேயே ஒரு எண்ணை எழுதிக்கொடுத்து, பெட்டிக்குள் மறுபடி நுழையும் வழியைக் கண்டுபிடித்தேன். பழைய கணினியைத் தட்டி எழுப்பி, வேண்டியதைப் போட்டு முடிக்க மாலையாகிவிட்டது. விளம்பரக்காரர்களின் பெயர்ப் பட்டியலை யாரோ புண்ணியவான்கள் தொகுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருந்தார்கள். அதில் வெளிநாட்டு விளம்பரக்காரர்கள்தான் நிறைய. நம் ஊர்க்காரர்களை நானே பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். மஞ்சள் சேலைக்காரி எந்தத் தளத்திலிருந்து வருகிறாளோ அந்தப் பெயரையும் சேர்த்தேன்.

இனி இந்தக் கணினி இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டும். மின்சாரம் போனாலும் ஓட வேண்டும். இன்வர்ட்டர் இணைப்புள்ள பிளக் ஹாலில் காலியாக இல்லை. பூஜை அலமாரிக்குள் மட்டும் ஒன்று இருந்தது. அதனால் அது பிள்ளையாருக்குக் கீழே, எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் குடிபோனது. அதன் மின்விசிறி கிரைண்டர் மாதிரி உறுமும். கந்த சஷ்டி சமயத்தில் மாமா அந்த உறுமலுக்கு மேலே குரலை உயர்த்திக் கவசம் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அவர் அதைக் குறை சொல்லவில்லை. சாமி படங்களுக்கு வைக்கிறபோதே அதன் நெற்றிக்கும் விபூதி வைத்துவிடுவார்.

விளம்பரங்கள் போயே போய்விட்டன. பேப்பரைத் திறந்தால் செய்தி, அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய்க் காலி மனைகள். கைதட்டல் இல்லை, விசில் இல்லை. நான் அலுவலகக் கூட்டங்களில் நிம்மதியாகத் திட்டு வாங்கினேன்.

மாமாவுக்குத்தான் பிடிக்கவில்லை.

"என்னமோ ஊரே காலி பண்ணிட்டுப் போனாப்பல இருக்குது அம்மிணி."

"செய்தி எல்லாம் இருக்குதே மாமா."

"செய்தி இருக்குது. ஆளுங்களக் காணோம்." வலது ஓரத்து வெள்ளைக் கட்டத்தைச் சுட்டிக்காட்டினார். "அந்தப் புள்ளையும் காணோம். கல்யாணம் ஆயிருச்சாட்ட இருக்குது." குரலில் சந்தோஷமும் இல்லாமல் வருத்தமும் இல்லாமல் ஒன்று இருந்தது.

அதற்கப்புறம் அவர் ஒரு மாதிரியாக ஆகிவிட்டார். காலையில் கணினி முன் உட்காருவார், எதையோ தட்டுவார், திரையையே பார்ப்பார், எழுந்து போய் வராந்தாவில் நிற்பார். அத்தை போனில் கேட்டால், "ஒண்ணும் வல்ல" என்று முணுமுணுத்து என்னிடம் கொடுத்துவிடுவார். கைதட்டலும் விசிலும் இல்லாமல் சலிப்புத் தட்டுகிறது போல என்றுதான் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை வீட்டுப் போன் அடித்தது. கணவர் எடுத்தார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாமா சோபாவில் காபி டம்ளரோடு இருந்தார். எங்களுக்குக் கேட்டது இந்தப் பக்கம் மட்டும்தான்.

"ஹலோ... ஆமா, அந்த நம்பர்தான்... பொண்ணா? என்ன பொண்ணு?... இன்ட்ரஸ்ட்டா? நான் காட்டினேனா?... ஏங்க, எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆச்சு... அதெல்லாம் தேவையில்லைங்க. இந்த நம்பரையே மறந்துடுங்க. வைங்க போனை."

வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அந்தக் கல்யாணக் கம்பெனிக்காரன். நெட்ல நீ நிறுத்தினதும் வீட்டு போனுக்கே வந்துட்டான். இன்னைக்கு நானும் ஒரு விளம்பரத்தை பிளாக் பண்ணிட்டேன்."

மாமாவின் டம்ளர் பாதி வழியில் நின்றிருந்தது.

"எங்கிருந்து பேசறேன்னு சொன்னாங்க?"

"என்னமோ லாலாகுடாவாம்ப்பா."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "கெடுத்துட்டியே சாமி" என்றார். பிறகு மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

மஞ்சள் சேலைப் பெண்ணை ஒருநாள் அழுத்தியிருக்கிறார். அவள் ஒரு பக்கத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். அங்கே பெயர், நட்சத்திரம், படிப்பு, சம்பளம், வீட்டுப் போன் நம்பர் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். "கேட்டாச் சொல்லோணுமல்ல?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னதும் சின்னவனுக்கு அங்கே ஒரு பக்கம் உண்டாகிவிட்டது. தெரிந்ததும் குதிப்பான் என்று அவனுக்கும் சொல்லவில்லை, அத்தைக்கும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை. அமைந்தால் மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தார். செகந்திராபாத் பக்கத்து லாலாகுடாவில் ஒரு பெண் பொருந்துவது போலிருக்கவே விருப்பம் தெரிவிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, தினமும் காலையில் பதில் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒருநாள் அந்தத் தளமே திறக்கவில்லை.

"நான் என்னத்தையோ தப்பா அமுக்கிப் போட்டேன், நம்மள நீக்கிப் போட்டாங்கன்னு நெனச்சேன் அம்மிணி. உங்கிட்டக் கேக்க ஒரு மாதிரியா இருந்துது."

"மாமா, உங்கள யாரும் நீக்கல. அதைத் தடுத்தது நம்ம பூஜை அலமாரி." எனக்குச் சிரிப்பு வந்தது; அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. விளம்பரமும் தளமும் ஒரே பெயரில் இருந்திருக்கின்றன. ஒன்றைத் தடுத்ததில் இரண்டும் நின்றுபோயின.

பட்டியலிலிருந்து அந்த ஒரு பெயரை எடுத்துவிட்டேன். மாமா கடவுச்சொல்லைத் தட்டினார், அத்தையின் பெயர். உள்ளே லாலாகுடாவிலிருந்து வந்த பதில்கள் காத்திருந்தன. முதலாவது விரிவாக, குடும்ப விவரங்களோடு. அடுத்தது சுருக்கமாக. கடைசியில் ஒரே வரி: 'விருப்பம் இல்லையென்றால் நேராகச் சொல்லிவிடலாம்.'

வந்த எண்ணுக்கே மாமா போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தோம். பெண்ணின் அப்பாதான் எடுத்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. தாத்தா காலத்திலேயே போத்தனூரிலிருந்து வந்து லாலாகுடாவில் தங்கிவிட்ட குடும்பம்.

"எதுக்குங்க மறுபடி பண்றீங்க? நம்பரையே மறந்துடச் சொல்லிட்டாரே உங்க பையன்."

"அவன் மூத்தவனுங்க. அவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க."

"அதையும்தான் சொன்னார்! ஒம்போது வருஷமாம்! கல்யாணம் ஆனவருக்கு என்னத்துக்குங்க ப்ரொஃபைல் போடறீங்க? நான் போலீஸ்ல சொல்லலாமான்னு பாத்துட்டிருக்கேன். எங்க வீட்ல நக்கோ, விட்டுடுங்கன்னு சொன்னதால சும்மா இருக்கேன்."

கணவர் மெதுவாக எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார்.

"அதில்லீங்க," என்று மாமா விளக்கத் தொடங்கினார். "எம்மருமக ஊட்டுக்கு வர்ற விளம்பரத்தையெல்லாம் நிறுத்திப் போட்டா. அதுல உங்க பொண்ணும் நின்னு போச்சுங்க."

"எனக்கு ஒண்ணும் புரியலை. இருங்க, எங்க பொண்ணு கம்ப்யூட்டர் லைன்தான். அவகிட்டச் சொல்லுங்க."

மாமா போனை என் கையில் திணித்தார். சம்பந்தம் பேசுகிற இடத்தில் முதல் வார்த்தையே பெண்ணோடு நான் பேச வேண்டியதாகிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"டி.என்.எஸ்.லயா பிளாக் பண்ணீங்க?"

"ஆமா."

"கம்பெனி குடுத்த வெள்ள பாக்ஸ்தானே? அதுல மாத்தவே விடமாட்டாங்களே?"

"மாத்தல. வேற ஒரு கம்ப்யூட்டருக்குப் பொறுப்பை மாத்திட்டேன்."

"ஓ," என்றாள். அந்த 'ஓ'வில் மரியாதை இருந்தது. பிறகு போனை விலக்கிக்கொண்டு அப்பாவிடம் சொன்னது கேட்டது: "அவங்க சொல்றது நெஜம்ப்பா. இப்படி ஆகும்."

அப்படித்தான் பெண் பார்க்கப் போனோம். கொழுந்தனார் முதலில் குதித்தார், புகைப்படத்தைப் பார்த்ததும் அடங்கினார். அத்தையோடு பெங்களூரிலிருந்து வந்து, புதுச் சட்டையின் கழுத்துப் பட்டனையும் போட்டுக்கொண்டு, எங்களோடு லாலாகுடாவுக்கு ஆட்டோவில் ஏறினார். என் கணவரைப் பின்னால் நிற்கச் சொல்லியிருந்தோம். ஆனால் பெண்ணின் அப்பா வாசலிலேயே அவரைக் கண்டுபிடித்து, "ஒம்போது வருஷம் நீங்கதானே?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடு. உயரமான கூரை, பச்சைக் கதவுகள். கேசரியும் போண்டாவும் வந்தன. பெண்ணும் வந்தாள். மாமாதான் பேச்சைத் தொடங்கினார்.

"அம்மிணி என்ன வேலைக்குப் போகுது?"

"பேகம்பேட்ல ஒரு ஏஜென்சில டிசைனர் மாமா. நெட்ல பேப்பர் படிக்கறப்போ நடுவுல வந்து மறைக்கும்ல? அதெல்லாம் நாங்கதான் பண்றோம்."

அத்தை என்னைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். கொழுந்தனார் முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கடித்த போண்டாவைத் தட்டிலேயே வைத்தேன்.

மாமாவுக்கு மட்டும் முகம் மலர்ந்தது. "அப்படியா! அந்த மஞ்சச் சேலப் புள்ளையத் தெரியுமா?"

"அது விலைக்கு வாங்கற போட்டோ மாமா. அதே பொண்ணு இன்னொரு இடத்துல பல் டாக்டரா வருவா."

"டாக்டருக்குப் படிச்ச புள்ளையா!" என்று மாமா அத்தையிடம் சொன்னார்.

நான் எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் அவளே என் பக்கம் திரும்பினாள். "அக்கா, ஆபீஸ்ல நாள் பூரா அதையேதான் பாத்துட்டிருக்கேன். வீட்டுக்கு வந்து ஒரு பாட்டு கேக்கலாம்னு உக்காந்தா, நான் மத்தியானம் செஞ்சதே முன்னாடி வந்து ஆடுது. எங்க பாக்ஸ் உள்ளதான் இருக்கு. ஒரு நிமிஷம் பாக்கறீங்களா?"

பார்த்தேன். உள்ளறையில் பீரோவின் மேல் அதே வெள்ளைப் பெட்டி இருந்தது. ஆனால் கொஞ்சம் புதியது. நாங்கள் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து, லேப்டாப்பை நடுவில் வைத்து, பக்கம் பக்கமாகத் தேடினோம். நான் டிக் எடுத்த அந்தக் கட்டம் இதில் இல்லவே இல்லை. கம்பெனிக்காரர்கள் விழித்துக்கொண்டுவிட்டார்கள். பெட்டிக்குப் பின்னால் நாமே ஒரு ரவுட்டரை வாங்கி மாட்டி, வீட்டுக் கணினிகளையெல்லாம் அதோடு சேர்த்துவிட்டால் என்ன என்று அவள் கேட்டாள். நடக்குமா என்று நான் சந்தேகப்பட்டேன். காகிதத்தில் படம் போட்டுப் பார்த்தோம். நடக்கும் போலிருந்தது. படத்தில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்கும்போது யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

கதவில் கொழுந்தனார், ஆறிப்போன கேசரித் தட்டோடு நின்றிருந்தார். "அண்ணி, நானும் கொஞ்சம் பேசலாமா?"

நான் எழுந்து வெளியே வந்தேன். அவர்கள் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது அவருடைய கழுத்துப் பட்டன் கழன்றிருந்தது, முகத்தில் களை வந்திருந்தது. பெண் வீட்டார் அன்றைக்கே சம்மதம் சொன்னார்கள்.

நிச்சயம் ஆனதற்கும் கல்யாணத்துக்கும் இடையில் கொழுந்தனார் ஒருநாள் எனக்குப் போன் பண்ணினார். "அண்ணி, சாயங்காலம் எப்பக் கூப்பிட்டாலும் அவ போன் பிஸியாவே இருக்கு. யார்கிட்டதான் பேசறா?"

"என்கிட்டதான்."

செகந்திராபாத்தில் கணினிச் சாமான்கள் விற்கும் கடைகளில் ஏறி இறங்கி அவளே ஒரு ரவுட்டரை வாங்கியிருந்தாள். மாட்டும் வழியை இருவரும் போனிலேயே பேசிப் பேசித் தேடினோம். முதல் நாள் அவர்கள் வீட்டில் எல்லாம் நின்றது. அவள் அப்பா, "சம்பந்தி வீட்டு வியாதி இங்கேயும் வந்துருச்சு" என்றாராம். அந்த வாரக் கடைசியில் ஓடத் தொடங்கியது. ஜவுளி எடுக்கப் போன இடத்தில்கூட நாங்கள் இருவரும் அதையே பேசுகிறோம் என்று அத்தைக்குக் கோபம். முகூர்த்தச் சேலைக்கு நிறம் கேட்டபோது அவள் யோசிக்காமல், "மஞ்சள் மட்டும் வேண்டாம் அத்தை" என்றாள்.

கல்யாணம் முடிந்து அவர்கள் பெங்களூர் போனார்கள். சமைத்துப் போடும் வேலை இனி இல்லை என்று அத்தை குகட்பள்ளிக்குத் திரும்பிவிட்டார். நான் ஒரு காரியம் செய்தேன். பூஜை அலமாரி சொல்வதைக் கேட்க வேண்டாம், முன்போலக் கம்பெனியின் இடத்திலேயே விசாரித்துக்கொள் என்று மாமாவின் கணினிக்கு மட்டும் கையால் எழுதிவைத்தேன். சத்தத்தை மட்டும் நிரந்தரமாகக் குறைத்துவிட்டேன். மறுநாள் காலை பேப்பரைத் திறந்தவர், "அட, எல்லாரும் வந்துட்டாங்க" என்றார்.

சில நாள் கழித்து அலுவலகம் கிளம்பும்போது பார்த்தேன். மாமாவுக்குப் பக்கத்தில் அத்தையும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு பிரஷர் குக்கர் சுற்றிச் சுற்றி வந்தது. 'உங்கள் சமையலறைக்கு ஏற்றது எது?' என்று அது கேட்டது.

"அஞ்சு லிட்டர்னு அமுக்குங்க," என்றார் அத்தை.

"நாலு பேருக்கு எதுக்கு அஞ்சு லிட்டரு?"

"பண்டிகைக்குச் சின்னவன் வருவானல்ல, அந்தப் புள்ளையும் வருமல்ல?"

"ஆறு பேருக்கு மூணு போதும்."

"சமைக்கறது நீங்களா நானா?"

மாமா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஐந்து லிட்டரை அழுத்தினார்.